தேர்தல் காலத்தில் கழகத்துக்கு நடுவர் வேலை

யாழ்ப்பாணத்தில் எங்கள் கழக மைதானத்துக்கும் வாக்களிப்பு நிலையமாக இயங்கும் பாடசாலைக்கும் நடுவில் ஒரு மதில்தான் இருக்கிறது. பந்து அப்பால் விழுந்தால் ஏறிக் குதித்து எடுத்துவருகிற மதில். அப்படியிருந்தும் 2024 செப்டம்பர் 21 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் முதல் அணியின் பதினொரு பேரில் நான்கு பேர் வாக்களிக்கவில்லை. அடுத்த பயிற்சியில் மை இல்லாத சுண்டுவிரல்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

காரணம் கேட்டேன். கோல் காப்பவனுக்கு வாக்காளர் இடாப்பில் பெயரே இல்லை. பின்வரிசைக்காரன் ஒருவன் அடையாள அட்டையைத் தொலைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இன்னொருவன் கொழும்பில் வேலை, லீவு கேட்கலாம் என்பதே அவனுக்குத் தெரியாது. நான்காமவன் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுச் சரிந்தான், கண் விழித்தபோது மணி நாலரை. வாக்கெடுப்பு நான்கு மணிக்கே முடிந்துவிட்டது.

நால்வரில் ஒருவன்கூட விருப்பமில்லை என்று சொல்லவில்லை. பெயர்ப் பட்டியல், அட்டை, பயணம், நேரம் ஆகியவைதான் இடறின. ஒரு சுற்றுப்போட்டிக்கு அணியை அனுப்பும்போது கழகம் பார்த்துக்கொள்வதும் இவைதானே? அந்த எண்ணத்தில் நாங்கள் செய்து பார்த்தவற்றையும் செய்து மூக்குடைபட்டவற்றையும், கழக நிர்வாகத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். உதைபந்தாட்டக் கழகமோ, கரப்பந்தாட்டக் கழகமோ, மென்பந்து கிரிக்கெட் ஆடும் சிறு கூட்டமோ, எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை: ஒரு தீர்மானம் எழுதுங்கள்

நிர்வாகக் கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள்: "யாருக்கு வாக்களிப்பது என்பது பற்றிக் கழகம் எதுவும் சொல்லாது, எங்கே, எப்போது, எப்படி என்பதற்கு மட்டும் உதவும்."

வாயால் சொன்னால் போதாதா என்று நினைக்கலாம். போதாது. தேர்தல் அறிவித்த மறுவாரமே யாராவது ஜேர்சிகளோடு வருவார்கள். எங்களிடமும் வந்தார்கள். பதினெட்டு ஜேர்சி, இரண்டு பந்து, வலை. எங்கள் பழைய வலையில் மீன்கூட நிற்காது, அவ்வளவு ஓட்டை. பொடியன்களுக்கு வாயூறியது. அந்தக் குறிப்பேட்டுப் பக்கத்தைக் காட்டித்தான் தலைவர் அண்ணை அவர்களை மரியாதையாக அனுப்பிவைத்தார். "எனக்கு வாங்க விருப்பம்தான், தீர்மானம் இப்படி இருக்கிறது" என்று சொல்ல ஒரு தாள் இருப்பது பெரிய வசதி. வந்தவருக்கும் கோபம் வரவில்லை.

அன்றைக்கு வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜேர்சி இரண்டு வருடத்தில் நைந்துபோகும். ஆனால் பிறகு நாங்கள் எந்த வீட்டுப் படலையில் நின்று "ஆச்சி, உங்கள் பெயர் இடாப்பில் இருக்கிறதா பார்ப்போமா?" என்று கேட்டாலும், யாருடைய ஆள் கேட்கிறான் என்றுதான் ஆச்சி யோசிப்பார். ஊரில் எல்லாக் கட்சிக்காரரும் ஒரே கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற இடம் கழக மைதானம் ஒன்றுதான். அதைப் பதினெட்டுச் சட்டைக்கு விற்க முடியாது.

நிர்வாகத்தில் இருக்கும் யாராவது வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ போனால் தடுக்க வேண்டாம். அது அவருடைய உரிமை. தேர்தல் முடியும்வரை இந்த வேலையிலிருந்து மட்டும் விலகி நிற்கட்டும். கழகத்தின் பெயரும் இலச்சினையும் கழக வட்சப் குழுவும் அவருடைய பிரசாரத்துக்குப் போகக் கூடாது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பழைய வீரர்களுக்கும் இதையே சொல்லுங்கள். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அவர்களுக்கு இங்கே வாக்களிக்க வழி இல்லை, ஆனால் யாருக்குப் போட வேண்டும் என்று குழுவில் குரல் பதிவு அனுப்ப மட்டும் வழி இருக்கிறது.

இடாப்பில் பெயர் பார்த்தல்

இதுதான் முழு வேலையில் முக்கால் பங்கு. இது தேர்தல் அறிவித்த பிறகு செய்கிற வேலையும் அல்ல. அறிவித்துவிட்டால் அந்தத் தேர்தலுக்கான இடாப்பு ஏற்கெனவே முடிந்த காரியம். ஆண்டின் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும்.

இடாப்பு ஒவ்வோர் ஆண்டும் திருத்தப்படுகிறது. பெப்ரவரி 1 அன்று நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதே கணக்கு. களத்தில் அதைச் செய்பவர் கிராம அலுவலர், அதாவது எங்கள் ஊர்வழக்கில் விதானையார். பதினெட்டு வயது நிறைந்தவர்கள் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டின் நடுவில் வயது நிறைந்தவர்களைத் துணை இடாப்பில் சேர்க்க 2021 சட்டத் திருத்தம் வழி செய்திருக்கிறது. இது பல வீடுகளுக்குத் தெரியாது. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்றுநருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் யாருக்கு எப்போது பதினெட்டு என்பதை அம்மாவுக்கு அடுத்தபடியாக அறிந்தவர் அவர்தான்.

செய்முறை எளிது. வயதுப்பிரிவுப் போட்டிகளுக்காக வீரர்களின் அடையாள அட்டைப் பிரதிகளை எப்படியும் வாங்குகிறீர்கள். அதே நாளில், அட்டைக்காரன் பக்கத்தில் இருக்கும்போதே, அவனுடைய கைபேசியில் தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தைத் திறந்து அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துப் பெயர் இருக்கிறதா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். எண்களை நீங்கள் சேர்த்து வைக்க வேண்டாம். "இருக்கிறது", "இல்லை" என்று மட்டும் ஒரு கொப்பியில் குறித்தால் போதும். இணையம் வராதவர்களுக்கு, வரைவு இடாப்பு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில் கிராம அலுவலர் அலுவலகத்திலோ பிரதேச செயலகத்திலோ போய்ப் பார்க்கலாம். விடுபட்டவர்கள் உரிமை கோரி விண்ணப்பிப்பதும் அந்தக் காலத்தில்தான்.

யாருடைய பெயர்கள் விடுபடுகின்றன என்று எங்கள் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். படிப்புக்கு வெளியூர் போனவர்கள் இருந்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, புது மாப்பிள்ளைகள். யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் மணமகன்தான் சீதன வீட்டுக்குக் குடிபோகிறார். எங்கள் நடுக்களக்காரன் கோப்பாயிலிருந்து காரைநகருக்குப் போய் இரண்டு வருடம். அவனுடைய அம்மா, மகன் இனி இங்கே இல்லை என்று விதானையாரிடம் நேர்மையாகச் சொல்லிவிட்டார். காரைநகரில் மாமனாரோ, மருமகன் தன் ஊரில் பதிந்திருப்பார் என்று நினைத்து விட்டுவிட்டார். இரண்டு வீட்டிலும் சாப்பாடு உண்டு, இரண்டு இடாப்பிலும் பெயர் இல்லை. ஆகவே கழகத்தில் கலியாணச் செய்தி வந்தால் பரிசுப் பணம் சேர்ப்பதோடு இதையும் கேட்டுவையுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களையும், மீள்குடியேறி முகவரி மாறிய குடும்பங்களையும் இதேபோல் கவனிக்க வேண்டும்.

ஒரு பெயர் விடுபட்டால் ஒரு தேர்தல் மட்டும் போவதில்லை. 2024 செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல், 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் என்று எட்டு மாதத்துக்குள் மூன்று வந்தன.

அட்டை

வீட்டுக்கு வரும் வாக்காளர் அட்டை இல்லாவிட்டாலும் வாக்களிக்கலாம். ஆளை உறுதிப்படுத்தும் அட்டை இல்லாவிட்டால்தான் முடியாது. தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், முதியோர் அடையாள அட்டை, ஓய்வூதியர் அடையாள அட்டை போன்றவற்றில் ஒன்று வேண்டும். எதுவுமே இல்லாதவர் வாக்களிப்பதற்கென்று தற்காலிக அடையாள அட்டை பெறலாம். புகைப்படத்தோடு கிராம அலுவலர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், கடைசி வாரத்தில் போய் நின்றால் ஆகாது. கழகத்தில் ஒருவரை "அட்டை பார்க்கிறவர்" என்று பெயர் சொல்லி நியமியுங்கள். எல்லோருடைய வேலை என்றால் அது யாருடைய வேலையும் அல்ல.

ஊரில் இல்லாதவர்கள்

தபால்மூல வாக்கு அரச ஊழியர் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுந்தான். பேராதனையில் படிப்பவரும் கொழும்பில் கடையில் வேலை செய்பவரும் ஊருக்கு வந்தே தீரவேண்டும்.

தனியார் துறையில் வேலை செய்வோருக்கு வாக்களிக்கச் சம்பளத்தோடு லீவு உண்டு. அது சொந்த லீவில் கழிவதுமில்லை. வேலையிடத்திலிருந்து வாக்களிப்பு நிலையம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், ஆகவே இரண்டு நாள் கேட்கலாம். எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் செயலாளர் ஒரு மாதிரிக் கடிதம் எழுதிக் குழுவில் போட்டார். ஆறு பேர் அதைப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள், ஐந்து பேருக்கு லீவு கிடைத்தது. ஆறாமவருக்கு முதலாளி ஏதேதோ சாக்குச் சொன்னார். அப்படியானால் தேர்தல் அலுவலகத்தில் முறையிடலாம். அவர் வேலைக்குப் பயந்து முறையிடவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

பஸ், ரயில் இருக்கைகள் தேர்தல் வாரத்தில் பறந்துவிடும். திகதி அறிவித்த அன்றே பதியச் சொல்லுங்கள். நெடுந்தீவு போன்ற இடங்களில் பதிவுள்ள வீரர்கள் யாழ் நகரில் தங்கியிருந்தால், குறிகட்டுவானில் படகு பிடிக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். காலையில் எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது அங்கே சரிவராது, முதல்நாளே வீடு போய்ச் சேர்வது நல்லது.

கூழா, புட்டா: ஒரு பயிற்சிப் போட்டி

2024 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனங்கள். அதற்கு 44 கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் போட்டியிட்டன. பட்டியலுக்கு ஒன்பது பேர் வீதம் 396 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டை விரித்தால் சாப்பாட்டு மேசை விரிப்பு மாதிரி இருந்தது. மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 30,000-ஐத் தாண்டின. வரிசையில் நின்று, மை பூசி, சீட்டை மடித்துப் போட்டுவிட்டு வந்தவர்களின் வாக்குகள் அவை. வெறுப்பில் வேண்டுமென்றே கெடுத்தவர்களும் அதில் இருப்பார்கள்தான், எல்லோரும் அப்படி என்று நான் நம்பவில்லை.

ஆகவே பயிற்சி முடிந்த பிறகு அரை மணி நேரம் ஒரு பொய்த் தேர்தல் வையுங்கள். எங்கள் முதல் முயற்சி சொதப்பியது. மாதிரிச் சீட்டில் மாம்பழம், பூ, சைக்கிள் என்று சின்னங்கள் போட்டோம். உடனே ஒருவர், இது இன்னாரின் சின்னம், கழகம் மறைமுகமாகப் பிரசாரம் செய்கிறது என்றார். பழங்கள், பூக்கள், வீட்டுச் சாமான்கள் எல்லாமே ஏதோ ஒரு குழுவுக்குப் போயிருக்கும், நிறங்களும் அப்படியே. கடைசியில் கண்டுபிடித்த தீர்வு சாப்பாடு. கூழ், புட்டு, இடியப்பம், தோசை என நான்கு அணிகள். ஒவ்வோர் அணியிலும் ஒன்பது வேட்பாளர் எண்கள். வாக்கு யாருக்கு என்றால், அடுத்த ஞாயிறு மைதானத்தில் எதைச் சமைப்பது, யார் சமைப்பது என்பதற்கு.

இதை வைத்து மூன்று வகைத் தேர்தலையும் காட்டலாம்.

நாடாளுமன்றத் தேர்தலில் முதலில் ஓர் அணிக்கு எதிரே மட்டும் புள்ளடி (X). பிறகு விரும்பினால், அதே அணியின் எண்களில் மூன்று வரைக்கும் விருப்பு வாக்குப் புள்ளடி. இரண்டு அணிக்குப் புள்ளடி போட்டால் சீட்டுக் கெட்டுவிடும். அணிக்குப் போடாமல் எண்களுக்கு மட்டும் போட்டாலும் வாக்குப் போய்விடும். மூன்றுக்கு மேல் எண்களில் போட்டால் அணிக்கான வாக்கு நிற்கும், விருப்பு வாக்குகள் மட்டும் கழியும்.

ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பவர் ஒரு புள்ளடியோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்று பேருக்கு மேல் போட்டியிடும்போது 1, 2, 3 என எண்ணிட்டு விருப்பத் தெரிவுகளைக் காட்டலாம். எண்ணிடத் தொடங்கினால் எண்ணாலேயே முடியுங்கள், புள்ளடியையும் எண்ணையும் கலக்காதீர்கள். 2024-ல்தான் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டிவந்தது. அதனால் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே ஒரு புள்ளடி. சீட்டில் வேட்பாளர் பெயர் இருக்காது, கட்சியோ குழுவோ மட்டும் இருக்கும். கழகங்களுக்கு மிக நெருக்கமான தேர்தல் இதுதான் என்பது என் கருத்து. உங்கள் மைதானத்தின் வடிகாலும் வெளிச்சமும் பிரதேச சபையின் மேசைக்குத்தான் பெரும்பாலும் போகின்றன.

எங்கள் பொய்த் தேர்தலில் நாற்பத்தொரு சீட்டு விழுந்தது, ஆறு செல்லாதவை. ஒன்றில் புள்ளடிக்குப் பதிலாகச் சிரிப்பு முகம். ஒன்றில் "கூழுக்கு நண்டு போடவும்" என்ற குறிப்பு. இரண்டு சீட்டில் கூழுக்கும் புட்டுக்கும் சேர்த்துப் புள்ளடி, இருவரும் பட்டதாரிகள். அந்த ஆறு சீட்டையும் யாருடையவை என்று சொல்லாமல் கரும்பலகையில் ஒட்டிக் காட்டினோம். நான் இருபது நிமிடம் பேசியதைவிட அதுதான் மனதில் நின்றது. வென்றது கூழ்.

அடுத்த முறை அம்மாமாரையும் மாதர் சங்கத்தையும் கூப்பிட்டு, சனசமூக நிலையத்தில் வைத்தோம். மைதானத்துக்கு வரத் தயங்கும் பெண்கள் அங்கே வந்தார்கள். வலைப்பந்தாட்ட அணியின் தலைவிதான் நடத்தினார், என்னைவிடத் தெளிவாக நடத்தினார்.

வாக்களிப்பு நாள்

அன்றைக்குப் போட்டி வைக்காதீர்கள், பயிற்சியும் வேண்டாம். அமெரிக்காவில் 2022 நவம்பர் 8 இடைத்தவணைத் தேர்தலன்று என்.பி.ஏ. கூடைப்பந்தாட்ட லீக் ஓர் ஆட்டத்தையும் வைக்கவில்லை. நாங்கள் நட்புரீதியான ஓர் ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாம்.

2024, 2025 தேர்தல்களில் வாக்கெடுப்பு காலை 7 மணியிலிருந்து மாலை 4 வரை நடந்தது. அதிகாலைப் பயிற்சிக்கு எழும் பழக்கம் இருக்கிற கூட்டம் நாங்கள். "ஏழு மணிக்கு மதிலடியில்" என்று முதல்நாள் இரவு ஒரு செய்தி போதும். சைக்கிளிலோ நடந்தோ சேர்ந்து போங்கள். இரவுத் தொழிலுக்குக் கடலுக்குப் போய் விடியற்காலையில் கரை சேர்பவர்களிடம், படுக்கப் போகுமுன் வாக்களித்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். பிறகு எழுந்து போவேன் என்பவர்தான் எங்கள் நான்காமவன்.

இனி, ஆர்வக்கோளாறில் தவறு செய்யக்கூடிய இடங்கள். வான் பிடித்து ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் எல்லாக் கழகத்துக்கும் முதலில் தோன்றும் யோசனை. எங்களுக்கும் தோன்றியது, ஓட்டோ வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் காலையிலேயே தயாராக நின்றார். வாக்காளர்களை வாகனங்களில் ஏற்றிச்செல்வது தேர்தல் சட்டப்படி குற்றம். யாருக்கும் சார்பில்லாமல் செய்கிறோம் என்பது வீதியில் மறிக்கும் பொலிஸாருக்குத் தெரியாது. நடக்கவோ பஸ்ஸில் ஏறவோ முடியாத உடற்குறைபாடு உள்ளவர்கள் வாகன வசதிக்குத் தேர்தல் அலுவலகத்திடம் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவத்தை நேரத்தோடு எடுத்து நிரப்பிக் கொடுத்துவருவதுதான் கழகம் செய்யக்கூடிய உதவி. பார்வைக் குறைபாடோ உடற்குறைபாடோ உள்ளவர், தகைமைச் சான்றிதழ் பெற்று, பதினெட்டு வயது நிறைந்த ஒருவரை உதவிக்குக் கூட்டிச்செல்லவும் சட்டத்தில் இடமுண்டு. வேட்பாளரோ முகவரோ அந்த உதவியாளராக வர முடியாது.

மை காட்டினால் சோடா இலவசம், ரோல்ஸ் இலவசம் என்றெல்லாம் அறிவிக்காதீர்கள். வாக்களிக்கச் சாப்பாடோ குடிபானமோ கொடுப்பது எந்த வடிவத்தில் வந்தாலும் வம்பு. எங்கள் கூழ்கூடத் தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பே குடித்து முடிந்த கூழ். வாக்களிப்புக்கு முந்திய 48 மணி நேரத்தில் பிரசாரம் நின்றுவிட வேண்டும், ஆகவே அந்த இரண்டு நாளும் குழுவில் அரசியல் பதிவுகளை நிர்வாகி அழித்துவிடட்டும். நிலையத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. வாக்குச்சீட்டோடு தற்படம் எடுக்கத் துடிக்கிற தம்பிமாருக்கு இதை இரண்டு தடவை சொல்லுங்கள். வெளியே வந்து விரலை மட்டும் எடுக்கலாம். எந்த விரல் என்று மட்டும் கேட்காதீர்கள். வழக்கமாக இடது சுண்டுவிரல், ஆனால் 2024 நவம்பரில் செப்டம்பர் மை முழுதாகப் போகாததால் சுட்டுவிரலுக்கு மாற்றினார்கள்.

வரமாட்டேன் என்பவர்கள்

இருப்பார்கள். இந்த மண்ணில் அதற்கு நீண்ட கதை உண்டு. சர்வசன வாக்குரிமை வந்த முதல் தேர்தலையே, 1931-ல், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பை ஏற்றுக் குடாநாடு பகிஷ்கரித்தது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ். தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்த நாட்களைப் பார்த்த ஒருவர் "வாக்குப் போட்டு என்ன கண்டோம் தம்பி?" என்று கேட்டால், இருபத்திரண்டு வயதுப் பொருளாளரிடம் அதற்குப் பதில் இருக்காது. பதில் சொல்லப் போகவும் வேண்டாம். எங்களிடம் அப்படிக் கேட்டவர் எங்கள் முன்னாள் பயிற்றுநர். அவரோடு விவாதித்த பொடியன் தோற்றான். ஆனால் அவருடைய தாயாருக்கு முதியோர் அட்டை எடுக்க உதவ முடியுமா என்று அடுத்த வாரம் அவரே கேட்டார். உதவினோம். பயிற்றுநர் வாக்களித்தாரா என்று இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை.

வாக்களிக்காதவர்களின் பெயரைக் குழுவில் போடுவது, மை இல்லாதவனை அணியிலிருந்து நிறுத்துவது போன்றவற்றை யாராவது பகிடியாகச் சொன்னாலும் நிறுத்திவிடுங்கள். வாக்களிப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம்.

இதில் ருசி கண்ட இளைஞர்கள் இருந்தால் பவ்ரல் போன்ற தேர்தல் கண்காணிப்பு அமைப்புகளில் தொண்டர்களாகச் சேரலாம். எங்கள் கழகத்திலிருந்து இருவர் போனார்கள்.

தேர்தல் முடிந்த வாரத்தில் கொப்பியை எடுத்து, யார் ஏன் போக முடியவில்லை என்பதை ஒரு வரியில் எழுதி, அடுத்த செயலாளரிடம் கொடுங்கள். எங்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் கோல் காப்பவனின் பெயர் இருக்கிறது. அடுத்த பெப்ரவரியில் விதானையார் வந்தபோது அவன் பயிற்சியில் நின்றான். செயலாளர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தி, கையுறையோடேயே அவனை வீட்டுக்கு ஓடவிட்டார்.